குழந்தைகள் உறங்கும் அறையில் பூஞ்சை: மருந்தைத் தேடும் முன் நீரைத் தேடுங்கள்

நீங்கள் எழுதியிருப்பதன் சாரம் இது. நான்கு வயது மகனும் எட்டு மாத மகளும் உறங்கும் அறையில் பீரோவை நகர்த்தியபோது, அதன் பின்சுவரில் ஏறத்தாழ இரண்டடி அகலத்துக்குக் கரும்புள்ளிகள் படர்ந்திருப்பதைக் கண்டீர்கள். கூரையின் ஒரு மூலையிலும் அது லேசாகத் தொடங்கியிருக்கிறது. மகனுக்குச் சில மாதங்களாக இரவில் இருமலும் அவ்வப்போது இளைப்பும் வருகின்றன. ஜன்னலைத் திறந்து வைக்காததுதான் காரணம் என்று வீட்டு உரிமையாளர் சொல்கிறார். மேலே பெயின்ட் அடித்துத் தருவதாகவும் சொல்கிறார். பிள்ளைகளுக்குத் தீங்கில்லாமல் பூஞ்சையைக் கொல்லும் மருந்து எது என்பது உங்கள் கேள்வி. ஆனால் உங்கள் கவலை மருந்தைப் பற்றியது அல்ல என்று நினைக்கிறேன். பிள்ளைகளை இன்றிரவு அந்த அறையில் படுக்க வைக்கலாமா, மகனின் இருமலுக்கு இந்தச் சுவர்தான் காரணமா, இதை நீங்களே துடைத்து முடிக்கலாமா ஆகிய மூன்றுக்கும்தான் உங்களுக்கு விடை வேண்டும்.

கட்டடங்களில் ஓதத்தையும் நீர்க்கசிவையும் ஆய்வு செய்வது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் தொழில். நான் மருத்துவர் அல்ல. ஆகவே சுவரைப் பற்றி ஓரளவு உறுதியோடும், உங்கள் மகனின் நெஞ்சைப் பற்றி மிகுந்த தயக்கத்தோடும்தான் பேச முடியும். சுவரையும் நேரில் பார்க்கவில்லை என்பதால், காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்வேனே தவிர, இன்னதுதான் காரணம் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

முதல் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம். சுத்தம் செய்து சுவர் உலரும் வரை இருவரையும் வேறு அறையில் படுக்க வையுங்கள். இன்னும் ஒரு இரவு அங்கே படுத்தால் பெரிய ஆபத்து நேர்ந்துவிடும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. செலவில்லாத முன்னெச்சரிக்கை என்பதால் சொல்கிறேன். அதுவரை அந்தக் கறையைக் கையால் தேய்க்காதீர்கள், துடைப்பத்தால் தட்டாதீர்கள், அந்த அறையின் மின்விசிறியைப் போடாதீர்கள். உலர்ந்த பூஞ்சையைத் தேய்த்தால் அதன் நுண்வித்துகள் காற்றில் கிளம்பிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் கதவிடுக்கு வழியாக மற்ற அறைகளுக்கும் போகும்.

பெரியவர்களைவிடப் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுவதற்குக் காரணங்கள் உள்ளன. உடல் எடைக்கு ஒப்பிட்டால் குழந்தை பெரியவரைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது. அதன் மூச்சுக்குழாய் குறுகலானது. வீக்கம் சிறிதளவே ஏற்பட்டாலும் காற்று செல்லும் வழி பெருமளவு அடைபட்டுவிடும். தவழும் வயதில் தரைத்தூசிக்கு மிக அருகில் இருக்கிறது, கையை வாயில் வைக்கிறது. இந்தக் கடைசிக் காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சைக்கு மட்டுமல்ல, அதைக் கொல்ல நீங்கள் தெளிக்கப்போகும் மருந்துக்கும் அது பொருந்தும்.

இனி மகனின் இருமல். ஓதமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், இளைப்பு, மூக்கடைப்பு ஆகியவை அதிகம் என்பதிலும், ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது முற்றுகிறது என்பதிலும் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற அமைப்பின் 2004ஆம் ஆண்டு அறிக்கையும், உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன. கைக்குழந்தைப் பருவத்தில் பூஞ்சை மிகுந்த வீட்டில் வளர்வது பிற்காலத்தில் ஆஸ்துமாவையே உருவாக்குமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றன. ஆனால் தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட முடியாது. மறதி, களைப்பு, பிள்ளையின் முரட்டுத்தனம் என்று எல்லாவற்றையும் வீட்டுப் பூஞ்சையின் நஞ்சோடு சேர்த்துப் பேசுவோரும் உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதை வைத்து விற்கப்படும் சிறுநீர்ப் பரிசோதனைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆஸ்துமா உள்ள 62 பிள்ளைகளின் வீடுகளில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆய்வை நான் அடிக்கடி மேற்கோள் காட்டுவேன். எல்லாருக்கும் வழக்கமான மருத்துவ ஆலோசனை தரப்பட்டது. ஒரு பிரிவினரின் வீடுகளில் மட்டும் கூடுதலாக நீர் வரும் வழிகளை அடைத்துப் பழுது பார்த்தார்கள். அதற்குப் பிறகு, பழுது பார்த்த வீடுகளில் 29 பிள்ளைகளில் ஒருவருக்குத்தான் ஆஸ்துமா கடுமையாக முற்றியது. மற்ற வீடுகளில் 33 பேரில் 11 பேருக்கு முற்றியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அங்கே செய்யப்பட்டது முதன்மையாக நீரை நிறுத்தும் வேலை என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகனுக்கு இந்தச் சுவர் காரணமா என்பதைக் குழந்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இருமல் எந்த நாட்களில், எந்த நேரத்தில் வருகிறது, வேறு இடத்தில் தங்கியபோது குறைந்ததா என்று குறித்துவைத்து, சுவரின் புகைப்படத்தோடு அவரிடம் காட்டுங்கள். சுவரைச் சுத்தம் செய்தாயிற்று என்று இன்ஹேலரையோ வேறு மருந்தையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கரும்பூஞ்சை என்றதும் பலருக்கு ஏற்படும் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1990களின் நடுவில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கைக்குழந்தைகள் சிலருக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்தது. ஸ்டாக்கிபாட்ரிஸ் என்ற கரிய பூஞ்சைதான் காரணம் என்று அப்போது சந்தேகிக்கப்பட்டது. அந்த ஆய்வை மறுபரிசீலனை செய்த அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், அந்தத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2000இல் அறிவித்தது. அறிவிப்பு வந்தது, அச்சம் போகவில்லை. நிறத்தை வைத்துப் பூஞ்சையின் இனத்தைச் சொல்ல முடியாது. கருப்பாக இருப்பதெல்லாம் அந்த இனமும் அல்ல. எந்த இனமாக இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான் என்பதால், இனம் கண்டறியும் சோதனைக்குச் செலவிடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. தட்டைத் திறந்து வைத்து முளைக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பொட்டலங்கள் இன்னும் வீண். நுண்வித்துகள் எந்த வீட்டுக் காற்றிலும் உண்டு, எந்தத் தட்டிலும் ஏதாவது முளைக்கும். இந்த அளவு வரை பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனமும் எண் எதையும் வகுக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிறதா, மக்கிய வாடை அடிக்கிறதா என்ற இரண்டும் போதுமான சோதனை.

நுண்வித்து எங்கும் இருப்பதால் அதை ஒழிக்க முடியாது. அது முளைக்கத் தேவையான ஈரத்தைத்தான் மறுக்க முடியும். ஆகவே மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் சுவரைப் படியுங்கள். தரையிலிருந்து ஏறி இரண்டு மூன்று அடி உயரத்தில் அலை அலையாக நின்று, வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பெரும்பாலும் நிலத்தடி ஈரம் ஏறிய சுவர். அந்த வெள்ளை, பூஞ்சை அல்ல, உப்பு. ஒரு துளி நீர் விட்டால் கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. கூரையில் பழுப்பு விளிம்போடு வட்டமாகக் கறை இருந்தால் மேலே குழாயோ குளியலறையோ மொட்டை மாடியோ ஒழுகுகிறது. மூலைகளிலும், வெளிச்சுவரின் உட்புறத்திலும், பீரோவுக்கும் கட்டிலுக்கும் பின்னாலும் கரும்புள்ளியாகச் சிதறியிருந்தால், அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இந்த மூன்றாவதைப் போலிருக்கின்றன. கூரை மூலை மட்டும் இரண்டாவதாகவும் இருக்கலாம்.

இதை ஒரு கணக்கால் விளக்கலாம். அறைக் காற்று 25 டிகிரி செல்சியஸில் 60 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பீரோவுக்குப் பின்னால் காற்றோட்டமில்லாமல் சுவர் 20 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால், அதே காற்று அந்தச் சுவரைத் தொடும் இடத்தில் ஈரப்பதம் ஏறத்தாழ 81 சதவீதமாகிவிடும். சுவரில் ஒரு சொட்டு நீர்கூடத் தெரியாது. ஆனால் மேற்பரப்பில் 80 சதவீதம் தொடர்ந்து நிலவினாலே பல பூஞ்சைகளுக்குப் போதும். சிறிய ஈரப்பதமானி ஒன்றை வாங்கி அந்த அறையில் வையுங்கள். இரண்டு வாரம் காலையிலும் இரவிலும் குறித்துவாருங்கள். 60க்கு மேல் அடிக்கடி போனால் பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறோம் என்று பொருள். 50க்குக் கீழே வைக்க முடிந்தால் நல்லது. இன்னொரு எளிய சோதனையும் உண்டு. கறைக்குப் பக்கத்தில், பூஞ்சையில்லாத இடத்தில், ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடா ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்புறம் ஈரமானால் அது அறைக்காற்றிலிருந்து வருவது. சுவரை ஒட்டிய உட்புறம் ஈரமானால் சுவருக்குள்ளிருந்து வருவது. நூறு சதவீதம் நம்பத்தக்க சோதனை அல்ல. ஆனாலும் வாக்குவாதத்தைப் பாதியாகக் குறைக்கும்.

இதில் நானே தவறியிருக்கிறேன். ஒரு வீட்டில் குழந்தையின் கட்டிலுக்குப் பின்னால் பூஞ்சை இருந்தது. வெளிச்சுவரில் ஒரு விரிசலும் இருந்தது. விரிசல் கண்ணில் பட்டதும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. அதை அடைக்கச் சொன்னேன். அந்தக் குடும்பம் செலவழித்து அடைத்தது, மூன்று மாதத்தில் பூஞ்சை அதே இடத்தில் திரும்பி வந்தது. இரண்டாம் முறை போனபோதுதான், ஈரத்துணிகளை அந்த அறையிலேயே கொடி கட்டி உலர்த்துவதைக் கவனித்தேன். ஒருமுறை துவைத்த துணிகளிலிருந்து ஒன்றரை, இரண்டு லிட்டர் நீர் அறைக் காற்றில் கலக்கும். கொடியை இடம் மாற்றி, கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திய பிறகு அது வரவில்லை. விரிசலுக்குச் செய்த செலவுக்கு நான் இன்னும் வெட்கப்படுகிறேன்.

உங்கள் உரிமையாளர் சொல்லும் ஜன்னல் வாதம் பாதி உண்மை. வெளிக்காற்றில் உள்ள நீரின் அளவு உள்ளே இருப்பதைவிடக் குறைவாக இருக்கும்போது ஜன்னலைத் திறப்பது அறையை உலர்த்தும். மழை பிடித்துப் புழுங்கும் நாட்களில் திறந்தால் ஈரத்தை உள்ளே அழைப்பதாகவும் ஆகலாம். சமைக்கும்போதும் குளித்த பிறகும் வெளியேற்றும் விசிறியைப் போடுவதும், துணியை வெளியே உலர்த்துவதும், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும் உங்கள் பக்கத்துக் கடமைகள். குழாய், கூரை, வெளிப்பூச்சு ஆகியவை அவர் பக்கம். குடியிருப்போரின் பழக்கத்தையே காரணம் காட்டிப் பழுதைத் தள்ளிப்போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நடந்தது சான்று. அங்கே இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் 2020 டிசம்பரில் இறந்தான். வீட்டில் நெடுநாள் பூஞ்சைக்கு ஆட்பட்டதால் விளைந்த கடும் சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அவனுடைய தந்தை பலமுறை முறையிட்டிருந்தார். வாடகைக் குடியிருப்புகளில் ஓதத்தைக் காலக்கெடுவுக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற சட்டத்துக்கு அந்த மரணமே வழிவகுத்தது. அது அரிதான முடிவு. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முறையீட்டைத் தேதியோடும் படத்தோடும் எழுத்தில் கொடுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது கேள்வி, நீங்களே செய்யலாமா என்பது. மொத்தப் பரப்பு பத்துச் சதுர அடிக்குள், அதாவது ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால் வீட்டாரே செய்யலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டல். உங்களுடையது அதற்குள் அடங்குவதாகத் தெரிகிறது. அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, கழிவுநீர் கலந்த ஈரமாக இருந்தாலோ, ஏசியின் காற்றுக் குழாய்க்குள் பரவியிருந்தாலோ தொழில்முறை ஆட்களிடம் விடுங்கள். ஆஸ்துமா உள்ளவரும் கருவுற்றவரும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

பிள்ளைகள் இருவரும் வீட்டிலேயே இல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து அறையில் விளையாடட்டும் என்பது போதாது. படுக்கை, பொம்மை, துணி எல்லாவற்றையும் முதலில் வெளியேற்றி, கதவை மூடி, கீழிடுக்கில் ஈரத்துணியைச் செருகி, ஜன்னலை மட்டும் திறந்துவிடுங்கள். விசிறியும் ஏசியும் ஓடக்கூடாது. என்-95 வகை முகக்கவசம், காற்றுத்துளை இல்லாத கண்ணாடி, ரப்பர் கையுறை மூன்றும் வேண்டும். துணிக் கவசம் நுண்வித்தைத் தடுக்காது. வெந்நீரில் சாதாரண சோப்புத்தூளைக் கரைத்து, முதலில் கறையின் மேல் மென்மையாக ஒற்றி நனையுங்கள். நனைத்த பிறகுதான் துடைக்க வேண்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்து, துணியை மடித்து அடுத்த பக்கத்தைப் பயன்படுத்தி, அழுக்கான துணியை அந்த அறைக்குள்ளேயே பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். பிறகு சுத்தமான நீரால் ஒருமுறை துடைத்து, சுவரை உலர விடுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்வித்தைப் பின்வழியாக அறைக்கே திருப்பி ஊதும். நுண்துகளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளது என்றால் மட்டும் பயன்படுத்தலாம். முடிந்ததும் குளித்து, அணிந்த துணியைத் தனியாகத் துவையுங்கள்.

மருந்தைப் பற்றி இப்போதுதான் வருகிறேன், அதற்கு அவ்வளவுதான் இடம். பூஞ்சையைக் கொல்வது நோக்கமல்ல, அகற்றுவதே நோக்கம். செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைத் தூண்டும். பூச்சுச் சுவரில் பிளீச் மேலே உள்ள நிறத்தை வெளுக்கச் செய்யும். அதன் நீர் மட்டும் உள்ளே ஊறிப் பூஞ்சைக்கே உதவும். போய்விட்டது என்ற நிம்மதி உங்களுக்கு, ஈரம் சுவருக்கு. அதன் நெடியோ இளைப்புள்ள பிள்ளைக்கு நேரடியான தொல்லை. குளியலறை ஓடு போன்ற ஊறாத பரப்பில் தேவைப்பட்டால், ஒரு பங்குக்குப் பதினாறு பங்கு நீர் சேர்த்துப் பயன்படுத்தலாம். ஆனால் பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ அம்மோனியா உள்ள எந்தக் கழுவுநீரையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. வெளிவரும் வாயு நுரையீரலை எரிக்கும். வினிகர் சில பூஞ்சைகளைத் தடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. வெண்காரம் (போராக்ஸ்) குழந்தையின் வாய்க்குப் போனால் நஞ்சு. தவழும் பிள்ளை உள்ள வீட்டில் சுவரில் அதைப் பூசிவிடுவதை நான் ஏற்பதில்லை. ஓசோன் இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

எதைக் காப்பாற்றலாம், எதை எறியலாம் என்பதில் இரக்கம் பார்க்காதீர்கள். கண்ணாடி, உலோகம், கெட்டியான மரம் ஆகியவற்றைக் கழுவி உலர்த்தலாம். பூஞ்சை ஏறிய மெத்தை, தலையணை, தரைவிரிப்பு, ஜிப்சம் பலகை ஆகியவற்றுக்குள் அது ஊடுருவியிருக்கும், போக்கிவிடுங்கள். பீரோவின் பின்பலகை ஒட்டுப்பலகையாக இருந்தால் அதையும் திருப்பிப் பாருங்கள். சுவரைத் துடைத்துவிட்டு அந்தப் பலகையை மறந்தவர்கள் பலர். துணிப் பொம்மையில் புள்ளி இல்லாவிட்டால் வெந்நீரில் துவைத்து வெயிலில் நன்றாக உலர்த்தலாம். புள்ளி இருந்தால், மகனுக்குத் தெரியாமல் அப்புறப்படுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. சுவரைத் தட்டும்போது பூச்சு பொள்ளலாக ஒலித்தாலோ உதிர்ந்தாலோ அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்து மறுபடி பூச வேண்டும்.

பெயின்ட் கடைசி வேலை. ஈரச் சுவரின் மேல் அடித்தால் சில மாதம் மறைத்துவிட்டுப் படலமாக உரிந்து விழும். பூஞ்சை எதிர்ப்புப் பெயின்டும் நன்றாக உலர்ந்த, சுத்தமான சுவரில்தான் பயன் தரும். உரிமையாளர் அடித்துத் தருவதை மறுக்க வேண்டாம். நீரின் வழி அடைபட்ட பிறகு அடிக்கட்டும் என்று சொல்லுங்கள். அடித்த நெடி முழுதும் நீங்கும் வரை பிள்ளைகள் அந்த அறைக்குத் திரும்பக் கூடாது.

சில நிலைகளில் சுவரைப் பற்றி யோசிக்கவே கூடாது. மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கிடையே உட்குழிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, கைக்குழந்தை மூச்சுத் திணறலால் பால் குடிக்க முடியாமல் தவித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையாலோ உறுப்பு மாற்றத்தாலோ நோயெதிர்ப்புக் குறைந்த பிள்ளை வீட்டில் இருந்தால் நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அத்தகைய பிள்ளைகளுக்குப் பூஞ்சை நுரையீரலுக்குள்ளேயே வளரக்கூடும். மருத்துவர் சொல்லும் வரை அந்த வீட்டில் தங்கவே கூடாது.

சுவர் உலர்ந்து, மக்கிய வாடை போய், ஈரப்பதமானி சில நாட்கள் தொடர்ந்து 60க்குக் கீழே காட்டினால் பிள்ளைகளை மறுபடி அங்கே படுக்க வைக்கலாம்; கட்டிலை மட்டும் உட்சுவர்ப் பக்கம் மாற்றிப் போடுங்கள். இரண்டு வாரம் கழித்தும், பிறகு அடுத்த மழைக்காலத்திலும் பீரோவை நகர்த்திப் பாருங்கள். அதே இடத்தில் புள்ளி திரும்பியிருந்தால் துடைக்கும் முன் படம் எடுத்து, அதை வண்ணம் பூசுபவரிடம் காட்டாமல் குழாய் வேலை தெரிந்தவரிடமோ கட்டடப் பொறியாளரிடமோ காட்டுங்கள்.